பெட்டியின் பலம் பிடியில்

கடை என்றால் சுமை உண்டு. அரிசி மூட்டை, எண்ணெய் டின், சர்க்கரைச் சாக்கு, சோப்புப் பெட்டி என்று காலையில் ஷட்டர் திறந்தது முதல் இரவு பூட்டும் வரை யாரேனும் ஒருவர் எதையேனும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். தூக்கும் பொருளின் விலையை நாம் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறோம். தூக்குவதற்கு உள்ள பிடியை யாரும் பார்ப்பதில்லை. அது கையோடு பெயர்ந்து வரும் நாளில்தான் அப்படி ஒன்று இருந்ததே நினைவுக்கு வருகிறது. அதற்குள் பெட்டி காலில் விழுந்திருக்கும்.

இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் கைப்பிடி. மெல்லிசைக் கச்சேரியிலும் கோயில் கொடையிலும் கல்யாணப் பந்தலிலும் ஓரமாக நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான். "மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று உறுப்பினர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. சவுண்டு சர்வீஸ் நடத்துவோரும் ஹார்டுவேர் கடை வைத்திருப்போரும் வணிகர்களே. அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கோ, இந்தப் பெட்டியின் பிடிக்கு உள்ள விதிதான் கடையில் இருக்கும் ஒவ்வொரு பிடிக்கும் விதி. கனமான பெட்டியில் அதைப் பார்த்துவிட்டால் சிறியவற்றில் தானே விளங்கும்.

இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு கனம்?

ஒலி என்பது காற்றின் அசைவு. மேல் ஸ்தாயி ஒலிக்குச் சிறிய அசைவு போதும். கீழ் ஸ்தாயிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நான்கு தந்தி பேஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த அதிர்வைக் கூட்டம் முழுவதும் கேட்கச் செய்ய வேண்டுமானால் பெரிய ஸ்பீக்கரும், கனத்த காந்தமும், தான் அதிராத தடித்த பலகையில் செய்த பெட்டியும் தேவை. மெல்லிய பலகையில் செய்தால் பெட்டியே சேர்ந்து முனகும். ஆகவே இந்தப் பெட்டியின் கனம் வீண் கனமல்ல. வேலைக்கு வேண்டிய கனம்.

அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அதற்கென்றே பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரும் வந்தது. அது ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி. கூட்டம் பெருகப் பெருக பெட்டியும் பெருத்தது. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அந்த ஆண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதைப் பயன்படுத்தினர். அதற்குத் துணையாக வந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. இசைக்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ஃபிரிட்ஜ்'. பிற்காலத்தில் வந்த 810-ஈ என்ற மாதிரி நான்கு அடி உயரமும் சுமார் 63 கிலோ எடையும் கொண்டது. கீழே சக்கரமும், சாய்த்து இழுப்பதற்கு ஒரு கம்பிப் பிடியும் வைத்தே அதை விற்றார்கள். ஆளால் தூக்கி மாளாது என்பதைத் தயாரித்தவர்களே உணர்ந்திருந்தார்கள்.

நம் ஊர்ப் பந்தலில் நிற்கும் 18 அங்குல ஸ்பீக்கர் போட்ட பேஸ் பாக்ஸும் அதற்குச் சொந்தக்காரன்தான். மினி வேனிலிருந்து இறக்குவதும், மேடையில் ஏற்றுவதும், விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு மறுபடி வண்டியில் ஏற்றுவதும் இரண்டு பையன்களின் வேலை. அவர்கள் நம்பியிருப்பது பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு கைப்பிடிகளை மட்டுமே.

மூட்டையும் பெட்டியும்

50 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகியவர்கள் நம் கடைகளில் உண்டு. 63 கிலோ பெட்டி அதைவிட 13 கிலோதான் கூடுதல். ஆனால் மூட்டை தோளுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். முதுகோடு ஒட்டி உட்காரும். பெட்டி வளையாது. உடம்பை விட்டுத் தள்ளியே நிற்கும். தள்ளி நிற்கும் சுமை இடுப்பை அதிகமாக இழுக்கும் என்பது தராசு பிடிக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தராசுக் கோலின் நுனியில் தொங்கும் சிறு கல்லும் நடுவில் இருக்கும் பெரிய கல்லை எழுப்பிவிடும் அல்லவா?

1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயது வந்த ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 100 கிலோ மூட்டைகள் சாதாரணமாகப் புழங்கிய காலத்தைக் கண்ட வணிகர்களுக்கு இதன் அருமை தெரியும். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த கணக்கோ இன்னும் கண்டிப்பானது. எல்லா வசதியும் சரியாக இருந்தால்கூட ஒருவர் தூக்குவதற்கு 23 கிலோவே மேல் வரம்பு என்கிறது. அந்தக் கணக்கில் பிடிக்கும் ஓர் இடம் உண்டு. பிடி நன்றாக இருந்தால் கழிவு இல்லை; பிடி மோசமாக இருந்தால் வரம்பில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்.

நல்ல பிடிக்கு அளவும் சொல்லியிருக்கிறார்கள். கனம் 1.9 முதல் 3.8 சென்டிமீட்டர் வரை. நீளம் குறைந்தது 11.5 சென்டிமீட்டர், அதாவது நான்கு விரலும் நெருக்கமின்றி நுழையும் அளவு. விரலுக்கும் பெட்டிக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி. உருண்டை வடிவம், வழுக்காத மேற்பரப்பு. ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் கடையில் உள்ள பிடிகளை அளந்து பாருங்கள். எத்தனை தேறும் என்பது வியப்பாக இருக்கும்.

பிடி எப்படிப் பெயர்கிறது?

கைப்பிடி நடுவில் ஒடிவது அபூர்வம். அது பெட்டியோடு சேரும் இடத்தில்தான் விடுகிறது. மேல்நோக்கித் தூக்கும்போது பிடியின் தட்டில் ஒரு விளிம்பு பலகையை அழுத்தும். எதிர் விளிம்பு பலகையை விட்டு விலகப் பார்க்கும். விலகும் பக்கத்தில் உள்ள ஸ்க்ரூ ஒவ்வொரு தூக்கலுக்கும் இம்மியளவு வெளியே வருகிறது. வண்டியிலிருந்து தொப்பென்று இறக்கும்போது விழும் விசை, பெட்டியின் எடையைவிடக் கூடுதல். போதாக்குறைக்கு, பெட்டியின் தொழிலே அதிர்வதுதான். இரவெல்லாம் அதிர்ந்தால் இறுக்கிய மறையும் தளரும்.

பலகையைப் பொறுத்தும் ஆயுள் மாறும். நல்ல பிளைவுட்டில் ஸ்க்ரூ பிடித்து நிற்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை மறை தேய்ந்தால் துளையைச் சுற்றிப் பொடியாக உதிரும். அதே துளையில் பெரிய ஸ்க்ரூவை முடுக்கினால் அன்றைய கச்சேரி முடியும்; அடுத்த கச்சேரிக்கு உத்தரவாதம் இல்லை.

வரப்போகும் ஆபத்தைப் பெட்டியே முன்கூட்டிச் சொல்லும். பிடியின் தட்டுக்கும் ரெக்சினுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி, துளையைச் சுற்றி மரப்பொடி, தலை ஆடும் ஸ்க்ரூ, பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல், குறிப்பிட்ட கீழ் ஸ்வரம் வாசிக்கும்போது மட்டும் கடகடவென்று வரும் சத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பெட்டியை அன்றே ஓரமாக வைக்க வேண்டும். ஒரு பக்கம் கைப்பிடியும் மறுபக்கம் கயிறுமாக ஓடும் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்று வகைப் பிடிகள்

முதலாவது, பட்டைப் பிடி. உள்ளே எஃகுப் பட்டை, மேலே ரப்பர் அல்லது தோல், இரு முனையிலும் உலோக மூடி. ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் இருப்பது இதுதான். ஒற்றைக் கையால் தூக்கும் எடைக்கு மட்டுமே இது. மாற்றும்போது இரு துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து அதே அளவு வாங்க வேண்டும். விறைப்பாக ஒட்டிக் கிடந்தால் விரல் நுழையாது. சற்று வளைந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது, குழிவுப் பிடி. பெட்டியின் பக்கத்தில் சதுரமாக வெட்டி, கிண்ணம் போன்ற ஒன்றைப் பதித்து, அதன் நடுவே கம்பி வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக்கிலும் இரும்பிலும் கிடைக்கும். வெளியே துருத்தாது, வண்டியில் பெட்டிகளை நெருக்கி அடுக்கலாம். கனத்த பெட்டிக்கு இரும்புக் கிண்ணமே ஏற்றது.

மூன்றாவது, மடக்குப் பிடி. ஸ்பிரிங் வைத்தது, விட்டால் தானே மடங்கிவிடும். சாதனங்களை வைத்துக் கொண்டுபோகும் பெட்டிகளில் இதைக் காணலாம். கைப்பிடியில் ரப்பர் உறை உள்ளதா, ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த பிடி பெட்டி அதிரும்போது தானும் தாளம் போடும்.

மாற்றும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டியை நாமே திறக்கலாம். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள பெட்டியை, குறிப்பாக வால்வு போட்ட பழைய செட்டை, மெக்கானிக்கிடமே விட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கன்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பெட்டியைக் கோணிச் சாக்கின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, ஸ்பீக்கரையோ பின்பலகையையோ கழற்ற வேண்டும். ஸ்பீக்கரில் எந்த ஒயர் எந்த முனையில் என்று கழற்றும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றிப் பொருத்தினால் பக்கத்து ஸ்பீக்கருக்கு எதிராக இது இழுக்கும், பேஸ் மெலிந்துவிடும். கழற்றிய ஸ்பீக்கரின் முகத்தை அட்டையால் மூட வேண்டும். காந்தம் ஸ்க்ரூ டிரைவரை வெடுக்கென்று இழுத்து, காகிதக் கூம்பைக் கிழித்துவிடும்.

பழைய பிடியை எடுத்த பின் துளைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொடி உதிர்ந்தால், துளையைச் சற்றுப் பெரிதாக்கி, பசை தடவிய மர ஆணியை அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும். தீக்குச்சியைச் செருகி ஸ்க்ரூவை முடுக்குவது அலமாரிக் கதவுக்குப் போதும். ஆள் தூக்கும் பெட்டிக்குப் போதாது.

அடுத்தது இந்தக் கட்டுரையின் சாரம். ஸ்க்ரூவை விட்டுவிட்டு போல்ட் போடுங்கள். வெளியிலிருந்து போல்ட், பலகையைத் துளைத்து உள்ளே போய், அகலமான வாஷரில் உட்கார்ந்து, நைலான் வளையம் உள்ள நட்டில் முடிய வேண்டும். ஸ்க்ரூ மரத்தின் நாரைப் பிடித்துத் தொங்குகிறது. போல்ட்டும் வாஷரும் பலகையையே இருபுறமும் கவ்வுகின்றன. பலகை பிளந்தால் ஒழிய அது வராது. பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் வாஷருக்குப் பதில் உள்ளே ஓர் இரும்புப் பட்டையோ நாட்டு மரச் சட்டமோ கொடுத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். உள்ளே கை நுழையாத இடத்தில், முள் வைத்த டீ-நட்டைப் பசையோடு பலகையில் பதித்துவிட்டு வெளியிலிருந்து போல்ட்டை முடுக்கலாம்.

போல்ட்டின் நீளத்தைக் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். 18 மில்லிமீட்டர் பலகைக்குப் பிடியின் தட்டு, வாஷர், நட்டு ஆகியவற்றைச் சேர்த்தால் 30 மில்லிமீட்டர் போல்ட் வழக்கமாகச் சரியாக இருக்கும். மிஞ்சினால் முனை ஸ்பீக்கரின் சட்டத்தில் இடிக்கும். வெளிநாட்டுப் பழைய பெட்டியாக இருந்தால் அங்குல மறை இருக்கலாம். அதில் மெட்ரிக் போல்ட்டை வலிந்து முடுக்கினால் இரண்டும் பாழ்.

பழைய இடம் வீணாகிப் புதிய இடத்தில் பொருத்த வேண்டி வந்தால் ஈர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும். காந்தம் முழுவதும் முன்பக்கம் இருப்பதால் பெட்டியின் கனமும் முன்பக்கமே சாயும். தரையில் ஓர் இரும்புக் குழாயை வைத்து, அதன்மேல் பெட்டியை நிறுத்தி, இருவர் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்த்தினால் சமமாக நிற்கும் இடம் தெரியும். அந்தக் கோட்டில், பாதி உயரத்துக்கு மேலே பிடி வர வேண்டும். கீழே வைத்தால் தூக்கும்போது பெட்டி கவிழப் பார்க்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுவதே நல்லது. ஒரே வயதுள்ள இரண்டு பிடிகளில் ஒன்று போனால் மற்றது காத்திருக்காது.

குழிவுப் பிடியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வெட்டிய சதுரத்தைச் சுற்றிப் பஞ்சு ரப்பர் பட்டை ஒட்டி, அதன்மேல் கிண்ணத்தை அழுத்தி முடுக்க வேண்டும். இடுக்கு இருந்தால் காற்று அதன் வழியே சீறும், பேஸ் குறையும். "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று புது ஸ்பீக்கர் வாங்கும் முன் பிடியின் ஓரத்தில் கையை வைத்துப் பார்ப்பது நல்லது. மூடும் முன் உள்ளே கிடக்கும் மரத்தூளையும் இரும்புத் துகளையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். இரும்புத் துகள் காந்தத்தின் இடுக்கில் புகுந்தால் ஸ்பீக்கர் கரகரக்கும். ஒன்றிரண்டு நிகழ்ச்சிகள் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

ஹார்டுவேர் கடைக்காரர் கவனத்திற்கு

"ஒரு கைப்பிடி கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டால் எடுத்து நீட்டிவிட்டுக் காசு வாங்குவது எளிது. மூன்று கேள்வி கேட்பது நல்ல வியாபாரம். பெட்டி எத்தனை கிலோ? பலகை எத்தனை மில்லிமீட்டர்? பழைய துளைகளின் இடைவெளி எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சரியான பிடியைக் கொடுக்கலாம். அதோடு போல்ட், வாஷர், நட்டு, ரப்பர் பட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு அலைச்சல் மிச்சம். நமக்கும் நாலு காசு கூடுதல். தாங்கும் எடை அச்சிட்ட பிடிகளைக் கொள்முதல் செய்து, அதை வாடிக்கையாளரிடம் காட்டி விற்பது கடையின் பெயரைக் காப்பாற்றும்.

சவுண்டு சர்வீஸ் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதக் கொடைகள் தொடங்கும் முன், ஆர்டர் இல்லாத ஒரு நாளில், எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக நிறுத்திப் பிடிகளை ஆட்டிப் பாருங்கள். சீசன் நடுவில் பார்க்க நேரம் கிடைக்காது.

மளிகைக் கடையில் பார்க்க வேண்டியவை

இனி நம் கடைக்கு வருவோம். எண்ணெய் டின்னின் மேல் உள்ள மெல்லிய பிடி உள்ளங்கையை அறுக்கும். அது பளு தாங்கவில்லை என்பதல்ல, கனம் போதவில்லை. பழைய சைக்கிள் டியூபை அதன்மேல் சுற்றிக் கட்டினால் மேலே சொன்ன அளவுக்குப் பருமன் வந்துவிடும். எண்ணெய்க் கையும் வழுக்காது. தள்ளுவண்டியின் பிடி ஸ்க்ரூவில் நிற்கிறதா, போல்ட்டில் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். கல்லாப் பெட்டியின் பிடி, கிடங்கின் இரும்புக் கதவுப் பிடி, 20 கிலோ எடைக்கல்லின் பிடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பிடி கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிடித்திருக்கும் இடம் சுமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிடியே இல்லாத அட்டைப் பெட்டிகளைக் கட்டிய நைலான் கயிற்றைப் பிடித்துத் தூக்க ஆட்களை விடக்கூடாது. அந்தக் கயிறு பெட்டியைக் கட்டுவதற்கு. ஆள் தூக்குவதற்கு அல்ல.

பெட்டி உடைந்தால் வேறு பெட்டி செய்யலாம். ஸ்பீக்கர் கிழிந்தால் புதுக் கூம்பு ஒட்டலாம். பதினெட்டு வயதுப் பையனின் பாத எலும்பு நொறுங்கினால், அல்லது நாற்பது வயது லோடுமேனின் இடுப்பு பிடித்துக்கொண்டால், அந்தக் குடும்பத்தின் அடுப்பே அணையும். நஷ்டஈடு கொடுக்கிறோமா, இல்லையா என்பது பின்னால் வரும் பேச்சு. நம்மிடம் கூலிக்கு வந்தவர் நம் பெட்டியின் பிடியை நம்பித்தான் கையை வைத்தார். அந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை எட்டு போல்ட்டும் எட்டு வாஷரும்தான்.

இன்று மாலை வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடையையும் கிடங்கையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். ஆடுகிற பிடி எதுவோ, அதிலிருந்து தொடங்கலாம்.